தூரம் காணாத கண்கள்

எமது வகுப்பில் எட்டாந் தரம் பயிலும் மாணவன் ஒருவன், பலகையில் எழுதியவற்றைச் சென்ற தவணை முழுவதும் பிழையாகவே கொப்பியில் எழுதி வந்தான். கவனக்குறைவு என்று கருதினோம். இரண்டொரு முறை கடிந்தும் கொண்டோம். ஒருநாள் அவனுடைய அம்மம்மா வந்தார்.

"மாஸ்டர், கந்தசுவாமி கோயில் மஞ்சத்திலை இருக்கிற சிற்பம் ஒண்டும் இவனுக்குத் தெரியேல்லையாம். எல்லாம் புகை மாதிரி எண்டுறான்."

இணுவிலிற் பிறந்த பிள்ளைக்கு மஞ்சத்துச் சிற்பம் தெரியவில்லையெனில் குற்றம் அவனுடைய கவனத்தில் இல்லை. கடிந்ததை எண்ணி வெட்கினோம். கண் வைத்தியர் குறும்பார்வை எனக் கண்டு கண்ணாடி கொடுத்தார்.

அவனுடைய நாள் எவ்வாறு கழிகிறதென விசாரித்தோம். விடியற்காலை ரியூசன், பின் பாடசாலை, மாலையில் தகரக் கொட்டகையில் மீண்டும் ரியூசன், இரவில் கைத்தொலைபேசி. 2020 மார்ச் 20ஆந் திகதி நாடெங்கும் ஊரடங்கு பிறந்தபோது அவன் சிறு பிள்ளை. அன்று வீட்டுக்குள் புகுந்தவன் பின்னர் வெளியே வரவேயில்லை எனலாம். நம்மூர் ஒழுங்கைகளும் இருமருங்கும் அடைபட்டவைதாம். முன்னர் ஓலைவேலி, இப்பொழுது மதில். ஆயினும் தோட்ட வரம்பில் ஏறி நின்ற சிறுவனுக்கு முன்பெல்லாம் தொலைவிலுள்ள பனைகளின் வட்டு வரை பார்வை ஓடிற்று.

எமது இளமையும் அடைப்புக்குள் கழிந்ததே. விமானம் இரைந்தாற் பதுங்குகுழி; இரவில் ஜாம் போத்தல் விளக்கு. குழியினின்று வெளிவருங்கால் வெயில் கண்ணைக் குத்தும். சிறிது நேரத்திற் தெளியும். இருளுக்குள் இறங்குங்கால் அத்துணை விரைவிற் தெளியாது. விழித்திரையிலுள்ள கோற் கலங்கள் இருளுக்கு முற்றாக இசைய ஏறக்குறைய அரை மணி நேரம் வேண்டும். எனினும் அவையெல்லாம் வந்து போகும் மாற்றங்கள்.

நெடுங்காலம் அடைபட்டிருந்தால் மூளையும் அதற்குப் பழகிவிடும் போலும். கொலின் ரேண்புல் என்னும் மானிடவியலாளர் 1961இல் ஒரு நிகழ்ச்சியை எழுதினார். கொங்கோவின் இற்றுரிப் பெருங்காட்டில், சில பாகத்துக்கு அப்பால் மரமும் கொடியுமே மறைக்கும் இடத்தில், வளர்ந்தவன் கெங்கே என்னும் இளைஞன். அவனை அவர் வெட்டவெளிப் புல்வெளிக்கு அழைத்துச் சென்றார். பல மைல் தொலைவில் மேய்ந்த எருமைகளைக் கண்ட கெங்கே, "அவை என்ன பூச்சிகள்?" என்று கேட்டானாம். வாகனம் நெருங்க நெருங்க அவை பெருத்தன. ஏதோ மாயம் என்றே அவன் எண்ணினான். தொலைவிலுள்ளது சிறிதாகத் தோன்றினும் உண்மையிற் சிறிதன்று என்பதை நாம் கற்றதாகவே நமக்கு நினைவில்லை. இஃது ஒரு மனிதனைப் பற்றிய கதை மட்டுமே. முறையான சோதனை ஆகாது.

குறும்பார்வைக்கோ முறையான சான்று உண்டு. சீன வமிசத்தைச் சேர்ந்த ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளைச் சிட்னியிலும் சிங்கப்பூரிலும் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டனர். சிங்கப்பூரில் நூற்றுக்கு 29 பேருக்குக் குறும்பார்வை; சிட்னியில் 3 பேருக்கே. பெற்றோரின் பார்வைக் குறை இரு நகரங்களிலும் ஏறக்குறைய ஒன்றே. வாசிப்பிலோ சிட்னிப் பிள்ளைகளே முந்தியிருந்தனர்! வேறுபட்டது வெளியில் நின்ற நேரம்: வாரத்துக்குச் சிட்னியில் ஏறக்குறைய 14 மணி, சிங்கப்பூரில் 3 மணி.

காரணத்தை ஒளியிற் தேடுகின்றனர். வகுப்பறையின் ஒளி சில நூறு லக்ஸ். வெளியே மரநிழலிலும் பல்லாயிரம் லக்ஸ் இருக்கக்கூடும். பேரொளி படுங்கால் விழித்திரை டோப்பமீன் என்னும் பொருளைச் சுரக்கிறது. அது விழிக்கோளம் மிகையாக நீளாமற் தடுக்கிறது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வளர்ந்தோர் விழிக்கோளத்தின் நீளம் ஏறக்குறைய 24 மில்லிமீற்றர். அதில் ஒரு மில்லிமீற்றர் கூடினாலே தொலைவு மங்கிவிடும். சீனாவின் பெய்செங் நகரில், தொற்றுக் கால அடைப்புக்குப்பின் 2020இல் ஆறு வயதினரைச் சோதித்தபோது நூற்றுக்கு 21 பேருக்கு மேல் குறும்பார்வை காணப்பட்டது. முந்திய ஐந்தாண்டுகளில் அது 6ஐத் தாண்டியதில்லை. பரிகாரம் மிக எளிது. குவாங்சோ நகரப் பாடசாலைகளில் நாள்தோறும் 40 நிமிடம் வெளியில் வகுப்பு வைத்தனர். மூன்றாண்டில் புதிதாகக் குறும்பார்வை பெற்றோர் நூற்றுக்கு 30. வழமைபோல் நடந்த பாடசாலைகளில் 39 அல்லது 40. தாய்வான் 2010 முதல் நாளுக்கு 120 நிமிட வெளியுலாவைப் பாடசாலைகளில் ஊக்குவிக்கிறது.

"கண்ணாடி போட்டால் பிறகு சுகமாகுமோ?" என்று அம்மம்மா கேட்டார். நீண்ட கோளம் மீண்டும் சுருங்காது என்பதைச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆனால் வீட்டில் மூன்றாந் தரம் படிக்கும் தங்கை இருக்கிறாள். அவள் கண் இன்னும் நல்ல கண். புலமைப்பரிசில் பரீட்சைக்கென அவளையும் அதே தகரக் கொட்டகையிற் சேர்த்துவிட்டனர். தாயாரை அழைத்து, பிள்ளைகளை வெளியில் விளையாட விடுமாறு கூறினோம். அவர் அமைதியாகக் கேட்டார்:

"அப்ப எந்த வகுப்பை நிப்பாட்டுறது, சேர்?"

அக்கொட்டகையில் சனிக்கிழமை காலை நடைபெறும் கணித வகுப்பு எம்முடையது. இம்மாதத்தோடு அதனை நிறுத்திவிட்டோம். அந்நேரத்துக்கு வேறோர் ஆசிரியரின் வகுப்பு உண்டா என்று இரு பெற்றோர் எம்மிடமே வந்து விசாரித்தனர்.