கேள்வி யாருடையது? பன்னாட்டு மருத்துவக் கூட்டாய்வு நல்கைகள் குறித்து

உயிர்மருத்துவத் துறையில் பன்னாட்டுக் கூட்டாய்வுக்கான நல்கை அழைப்புகளில் ‘சமபங்கு’ என்ற சொல் தவறாமல் இடம்பெறுகிறது. விண்ணப்பம் எழுதப்படும்போது அச்சொல் அழைப்போடு நின்றுவிடுகிறது. கேள்வியை ஒரு நாடு கேட்கிறது. குருதியையும் சளியையும் இன்னொரு நாடு கொடுக்கிறது. இதற்குக் கூட்டாய்வு என்று பெயர். இதை மாதிரி வழங்கல் என்று அழைப்பதே பொருத்தம். இதற்காக வெளிநாட்டாரை மட்டும் பழிப்பதும் நேர்மையன்று. நம் பொறுப்பு சிறிதன்று.

விண்ணப்பம் உருவாகும் விதத்தைப் பாருங்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் (என்.ஐ.எச்.) வழக்கமான ஆர்01 நல்கைக்கு ஆய்வுத் திட்டம் 12 பக்கம்; அதற்கு முன்னால் ஆய்வின் நோக்கங்களைச் சொல்லும் ஒரே ஒரு பக்கம். ஆய்வின் கேள்வி அந்த ஒரு பக்கத்தில்தான் உறுதியாகிறது. அது எழுதப்படும்போது இந்தியக் கூட்டாளி பெரும்பாலும் அங்கே இல்லை. கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்னர்தான் அவருக்கு மின்னஞ்சல் வருகிறது. ஆதரவுக் கடிதம் வேண்டும், தன்விவரக் குறிப்பு வேண்டும், ஆண்டுக்கு எத்தனை நோயாளிகளைச் சேர்க்க முடியும் என்ற எண் வேண்டும். கடிதத்தின் வாசகமும் இணைப்பாகவே வந்துவிடும். நான் அறிந்த ஒரு துறைக்கு வந்த அத்தகைய கடிதத்தில் நிறுவனத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் வெற்று அடைப்புக்குறி இருந்தது. அதே கடிதம் வேறு எத்தனை நாடுகளுக்குப் போயிருக்கும் என்று எவரும் கேட்கவில்லை. அடைப்புக்குறியை நிரப்பினார்கள், கையொப்பமிட்டார்கள்.

அடுத்தது பணம். ஆய்வகத்தின் மின்சாரம், கணக்காளரின் ஊதியம், குளிர்பதனப் பெட்டியின் பராமரிப்பு போன்ற நிறுவன மேற்செலவுகளுக்காக அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தம் நாட்டு அரசுடன் பேசி விகிதம் பெறுகின்றன. பல இடங்களில் அது 50 விழுக்காட்டைத் தாண்டும். அயல்நாட்டு நிறுவனங்களுக்கோ பல ஆண்டுகளாக 8 விழுக்காடே உச்சவரம்பாக இருந்தது. 2025 பிப்ரவரியில் அந்நாட்டு அரசு அனைவருக்கும் 15 விழுக்காடு என்று அறிவித்தபோது, ஆராய்ச்சியே அழிந்துவிடும் என்று அப்பல்கலைக்கழகங்கள் நீதிமன்றம் சென்றன. நீதிமன்றமும் அதைத் தடுத்தது. அவர்களின் வாதம் சரியானதே. என் கேள்வி ஒன்றுதான்: 15 விழுக்காட்டில் பாஸ்டனில் நடத்த முடியாத ஆய்வகத்தை 8 விழுக்காட்டில் புனேயிலோ வேலூரிலோ நடத்த முடியும் என்று இத்தனை ஆண்டுகள் நம்பியது யார்?

இந்தக் கட்டமைப்பின் உண்மை முகம் 2025 மே 1 அன்று தெரிந்தது. புதிய நல்கை முறை உருவாகும்வரை, அயல்நாட்டு நிறுவனத்துக்குத் துணைநல்கை அளிக்கும் திட்டங்களுக்கு நிதி வழங்குவதில்லை என்று என்.ஐ.எச். அறிவித்தது. துணைநல்கை என்பது முதன்மை நிறுவனம் பெறும் தொகையிலிருந்து கூட்டாளிக்குப் பிரித்துத் தரும் பங்கு. ஒரே அறிவிப்பில் அப்பங்கை நிறுத்த முடிந்தது. காரணம் எளியது: வரவு செலவுத் திட்டத்தில் நாம் ஒரு வரி மட்டுமே. வரியை அடிக்க ஒரு கோடு போதும்.

இதைச் சொன்னால் இரு தரப்பினர் சினம் கொள்கிறார்கள். ‘கிடைக்கும் பணத்துக்கு நன்றி சொல்லுங்கள், நிபந்தனை பேசினால் அடுத்த முறை கென்யாவுக்குப் போய்விடுவார்கள்’ என்பது ஒரு தரப்பு. ‘அயல்நாட்டுப் பணமே அடிமைத்தனம், அதை அடியோடு விலக்குங்கள்’ என்பது மற்றொரு தரப்பு. நம் ஆராய்ச்சி வரலாறு இரண்டையும் மறுக்கிறது.

1956இல் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதில் கூட்டாளிகள். ஆய்வை முன்னின்று நடத்தியவர் பிரிட்டனைச் சேர்ந்த வாலஸ் பாக்ஸ். ஆனால் கேள்வி லண்டனின் தேவையிலிருந்து பிறந்ததன்று. நோயாளிகள் மிகுதி, மருத்துவமனைப் படுக்கைகள் சொற்பம். வீட்டில் வைத்தே காசநோயைக் குணப்படுத்த முடியுமா என்பதே கேள்வி. முடியும் என்ற விடை 1959இல் வெளியானது. அதன்பின் காசநோய் சிகிச்சை உலகெங்கும் மாறியது. நம் தேவையிலிருந்து எழுந்த கேள்வி உலகுக்கே விடை தந்தது.

ரோட்டாவைரஸ் தடுப்பூசியும் அத்தகையதே. 1980களில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளிடம் எம்.கே.பான் குழுவினர் கண்டறிந்த 116இ என்ற வைரஸ் வகையே அதன் மூலம். 1987இல் தொடங்கிய இந்திய-அமெரிக்கத் தடுப்பூசிச் செயல்திட்டத்தின் வழியே அமெரிக்க ஆய்வகங்கள் துணைநின்றன. இந்திய அரசும் நிதியிட்டது. மூன்றாம் கட்டச் சோதனை தில்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்து, முடிவு 2014இல் வெளியானது. 2016இல் தடுப்பூசி அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. அயல்நாட்டுப் பணம் நம்மை அடிமையாக்கவில்லை. நம் பணமும் நம் கேள்வியும் மேசையில் இருந்ததே காரணம்.

இன்று மேசையில் நாம் வைப்பது என்ன? நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செல்வது ஏறத்தாழ 0.64 விழுக்காடு. புதிய தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்றார்கள்; அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து வரவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. 2020இல் திருத்தப்பட்ட அயல்நாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி, நிதி பெறும் அறக்கட்டளை மருத்துவமனை அதில் ஒரு ரூபாயையும் இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. சிற்றூர் மருத்துவமனையைப் பங்காளியாக்கும் வழி அங்கேயே அடைபடுகிறது. சுகாதார அமைச்சகத்தின் ஆய்வுக்குழு அயல்நாட்டுக் கூட்டாய்வுகளைப் பரிசீலிப்பது மிகவும் தேவையானது. நோயாளிகளின் மாதிரிகளுக்கு அது காவல். ஆனால் அந்த ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் ஒப்பந்தப் பணியாளரின் ஊதியக் காலத்தையும் முனைவர் பட்ட மாணவரின் உதவித்தொகைக் காலத்தையும் தின்கிறது. பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நல்கை விண்ணப்பத்துக்கு உதவ ஓர் அலுவலகம்கூட இல்லை. அங்கெல்லாம் வரவு செலவுத் திட்டத்தை இரவெல்லாம் விழித்து எழுதுபவர் ஆய்வு மாணவர். கட்டுரை வெளியாகும்போது அவர் பெயர் இருப்பதோ நன்றியுரையில்.

ஆகவே நான்கு கோரிக்கைகள்.

1. நோக்கங்கள் எழுதப்படும் முன்னரே அழைக்கப்படாத திட்டத்துக்கு எந்தத் துறையும் ஆதரவுக் கடிதம் தரக்கூடாது.

2. ஆசிரியர் வரிசை, மாதிரிகளின் உரிமை, தரவைப் பகுப்பாய்வு செய்யும் இடம் ஆகியவை விண்ணப்பத்துக்கு முன்பே எழுத்தில் முடிவாக வேண்டும். மாதிரி சேகரிக்கும் மாணவருக்கும் அதில் இடம் வேண்டும்.

3. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் கணக்கும் ஒப்பந்தமும் அறிந்த நல்கை அலுவலகம் வேண்டும்; அரசின் ஒப்புதல்கள் குறித்த நாளுக்குள் கிடைக்க வேண்டும்.

4. கூட்டாய்வுகளில் இந்தியப் பங்குக்கு இந்திய அரசே இணைநிதி தர வேண்டும். உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெல்கம் அறக்கட்டளையும் 2008 முதல் இணைந்து நிதியிடும் இந்தியா அலையன்ஸ், இது நடக்கக்கூடியதே என்பதற்குச் சான்று.

உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் நம் நாட்டவர். அந்நோயைப் பற்றி என்ன கேட்க வேண்டும் என்று முடிவு செய்ய இதைவிடப் பெரிய தகுதி வேறென்ன வேண்டும்? அடுத்த ஆதரவுக் கடிதம் உங்கள் துறைக்கு வரும்போது, மாணவர்களே, உங்கள் நெறியாளரிடம் பணிவுடன் ஒன்று கேளுங்கள்: இந்தக் கேள்வி யாருடையது? விடை சொல்ல அவர் தயங்கினால், கையொப்பமும் சற்றுத் தயங்கட்டும்.