முட்டுக்காட்டுச் சேற்றில் பொன்பழுப்பு



தாம்பரத்தை அடுத்த செம்பாக்கம் ஏரி நிரம்பி வழியும் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்புநிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் என்று இறங்கி முட்டுக்காட்டில் கடலைச் சேர்கிறது. தாம்பரத்து மழை கடைசியாகத் தொடும் அந்தச் சேற்றைப் பற்றித்தான் இந்த மாதம் பேச ஆசை.

முகத்துவாரம் திறந்திருக்கும் நாள்களில், பகல் வற்றத்தின்போது கரையோரச் சேற்றைக் குனிந்து பாருங்கள். தண்ணீர் வடிந்த சற்று நேரத்தில் சாம்பல் நிறத்தின் மேல் பொன்பழுப்பு படரும். அவை டயாட்டம்கள், சிலிக்கா ஓடு போர்த்த நுண்பாசிகள். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஓட்டிலுள்ள மெல்லிய பிளவு வழியே பசையைச் சுரந்து, வழுக்கி வழுக்கி மேலே ஏறுகின்றன. வெயிலில் உணவு தயாரித்துக்கொண்டு, ஏற்றம் வருமுன் சேற்றுக்குள் இறங்கிவிடுகின்றன. ஏற்றமும் வற்றமும் இல்லாத ஆய்வகத் தட்டில் வைத்தாலும், சில நாள்களுக்கு அதே நேரத்தில் ஏறி இறங்குமாம்! எனக்கு இது தீராத வியப்பு.

உச்சிவெயில் கடுமையானால் சற்று உள்ளே ஒதுங்கும். குளிரில் வேகம் குறையும். வெள்ளம் பாய்ந்து உப்பு சட்டென்று இறங்கினாலும் தடுமாறும். கோடையில் மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபடும்போது ஓதமே நின்றுபோகிறது. பிறகு அவற்றுக்கு வழிகாட்டச் சூரியன் மட்டும்தான்.

சென்னைக் கடலில் மிதக்கும் டயாட்டம்களை ஆர்.சுப்ரமணியன் 1946-லேயே விரிவாக எழுதிவைத்தார். சேற்றில் வாழ்பவற்றுக்கு அந்தக் கவனிப்பு போதாது என்பது என் ஆதங்கம். மடவை மீன் மேய்வது இவற்றைத்தான். அலை சேற்றை அரித்துவிடாமல் துகளோடு துகளைப் பிணைப்பதும் இவற்றின் பசைதான். அந்தச் சேற்றின்மேல் ஒரு பிளாஸ்டிக் பை படிந்தால் போதும், கீழே இருப்பவற்றுக்கு வெளிச்சம் இல்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வற்றம் எப்போது என்று மீனவர்களிடம் கேட்டுக்கொண்டு, பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போங்கள். சேற்றை மிதிக்காமல், ஓரத்திலிருந்தே லென்ஸ் துடைக்கும் மெல்லிய தாளை அதன்மேல் விரித்து வையுங்கள். ஏறிவரும் டயாட்டம்கள் தாளுக்குள் வந்துவிடும். பள்ளி நுண்ணோக்கியிலேயே அவை நகர்வது தெரியும். பிள்ளைகள் வரைந்த படங்களை எங்களுக்கு அனுப்புங்கள். வரும் இதழ்களில் அவற்றுக்கு இடம் உண்டு.

அன்புடன்,
ஆசிரியர்