அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது

2010-ல் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு பேருந்து வர ஆரம்பித்தது. உள்ளே ஆலோசனை அறை, மருந்தகம். சென்னையில் இருக்கும் மனநல மருத்துவர் திரையில் பேசுவார்; மருந்தை அங்கேயே இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்பின் ஏற்பாடு அது.

மனச்சிதைவு நோய்க்கு மருந்து அவசியம். காதில் கேட்கும் குரல்களும், ‘யாரோ எனக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள்’ என்ற பயமும் பலருக்கு மருந்தில் அடங்கிவிடும். சிக்கல் அதற்குப் பிறகும் இருக்கிறது. நோயின் தீவிரத்தில், ‘இது என் எண்ணமா, யாரோ என் மண்டைக்குள் திணித்ததா?’ என்பதே குழம்பிப்போகும். குரல் ஓய்ந்ததும் வேறொரு கேள்வி எழும்: ‘இத்தனை வருஷம் நம்பியது பொய்யென்றால், நான் யார்?’

இதற்கு மாத்திரை கிடையாது. வீடும் ஊரும்தான் தினமும் பதில் சொல்கின்றன. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் அவரைத் தவிர எல்லோரையும் அழைக்கிறார்கள். ‘மாத்திரை போட்டாச்சா?’ என்பதைத் தாண்டி வீட்டில் யாரும் அவரிடம் எதுவும் கேட்பதில்லை. ‘நீ ஒரு நோயாளி, அவ்வளவுதான்’ என்று சொல்லாமல் சொல்கிறோம்.

பெயருக்கும் இதில் பங்குண்டு. ‘மனம் பிளந்த நோய்’ என்ற பொருள் தந்த பழைய பெயரை 2002-ல் ஜப்பான் மாற்றிவிட்டது. நம்மிடம் இன்னும் ‘சிதைவு’தான்.

நம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது. 1981-ல் சென்னையில், புதிதாக நோய் கண்ட 90 பேரைத் தொடர்ந்து கவனிக்க ஆரம்பித்தார்கள் டாக்டர் தாராவும் சக மருத்துவர்களும். 20 வருஷம் கழித்துப் பார்த்தபோது, இடைவெளியே இல்லாமல் நோயிலேயே இருந்தவர்கள் சிலர்தான். பெரும்பாலானோருக்கு அது வந்தும் தணிந்தும் போயிருந்தது.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் முன்னாலேயே அவரைப் பற்றி அடுத்தவரிடம் பேசாதீர்கள், அவரிடமே பேசுங்கள். ஆடு மேய்ப்பதோ, கடைக் கணக்கோ, ஒரு பொறுப்பை அவருடையது என்று விடுங்கள். சம்பாதிக்கும் பணம் அவர் கையில் இருக்கட்டும். நோய்க்கு முன் அவருக்குப் பிடித்ததைப் பற்றிக் கேளுங்கள். கொஞ்சம் தேறியதும் டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

பேச ஆள் வேண்டுமா? அரசின் ‘டெலி மனஸ்’ இலவச எண் 14416, எந்நேரமும்.

அடுத்த விசேஷத்துக்குக் கிளம்பும்போது, அவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.