சுற்றிப் போனால் சீக்கிரம் போகலாம்



பாடசாலை விடுமுறை நெருங்கிவிட்டால் நமது ஊர்களில் வேன்களுக்குக் கிராக்கி வந்துவிடும். கல்யாணம், நோய் விசாரிப்பு, பிள்ளையை மத்ரஸாவில் சேர்ப்பது என்று குடும்பத்தோடு புறப்படுவோம். சோற்றுப் பார்சல், பிளாஸ்க்கில் தேநீர், வாந்தியெடுக்கும் பிள்ளைக்கு ஒரு பை என்று எல்லாவற்றையும் உம்மாமார் மறக்காமல் எடுத்து வைப்பார்கள். எந்த வழியாகப் போவது என்பதை மட்டும் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. அது சாரதியின் பொறுப்பு என்று விட்டுவிடுகிறோம். இம்மாதம் அதைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன். என் சொந்தத் தவறொன்றிலிருந்து தொடங்குகிறேன்.

2018ஆம் ஆண்டு ஓர் இரவு. பேருவளையில் வாழ்ந்த என் சாச்சி, அதாவது என் உம்மாவின் இளைய சகோதரி, வபாத்தான செய்தி வந்தது. மறுநாள் அஸர் தொழுகையின் பின் நல்லடக்கம் என்றார்கள். ஜனாஸாவைத் தாமதப்படுத்தாமல் அடக்குவதே சுன்னத்து. கிழக்கிலிருந்து நாங்கள் வந்து சேர வேண்டும் என்பதற்காகவே அஸர் வரை பொறுத்திருந்தார்கள்.

சம்மாந்துறையிலிருந்து ஸுபஹுக்கு முன்பே புறப்பட்டோம். மஹியங்கனை கடந்து பதினெட்டு வளைவு ஏறி, கண்டி, கேகாலை வழியாக வந்து, திஹாரியில் ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். கடவத்தையை அடையும்போது பகல் ஒன்றரை மணி. வேன் சாரதி வேகத்தைக் குறைத்து என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

“மௌலவி, இதில ஏறி ஹைவேயால போவமா, நேரே கொழும்புக்குள்ளால போவமா?”

“நேரே போங்க தம்பி, எதுக்கு வீண் காசு?” என்றேன்.

கிரிபத்கொடையில் ஊர்ந்தோம். களனிப் பாலத்தருகே நின்றோம். கொழும்புக்குள் நுழைந்தபோது பாடசாலைகள் விட்டு வீதியெல்லாம் வாகனம். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று காலி வீதியில் அங்குலம் அங்குலமாக நகர்ந்து, தெஹிவளையை அண்மித்தபோது அஸருக்குப் பாங்கு கேட்டது. உம்மா ஒன்றும் பேசவில்லை. தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்த அவரது விரல்கள் மாத்திரம் நின்றுவிட்டன.

பேருவளையை அடைந்தபோது ஐந்தரை மணி. மையவாடிக்குப் போனவர்கள் வீடு திரும்பியிருந்தார்கள். தன் தங்கையின் முகத்தை உம்மா கடைசியாக ஒரு முறை பார்க்கவில்லை. “அல்லாஹ்ட நாட்டம் மகன்” என்றார்; என்னைக் குறை சொல்லவில்லை. எல்லாம் அவன் நாட்டம்தான். ஆனால் கடவத்தையில் சொன்ன வார்த்தை என்னுடையது. அங்கே அதிவேகப் பாதையில் ஏறியிருந்தால் மூன்று மணிக்கு முன்னரே போய்ச் சேர்ந்திருப்போம். சில நூறு ரூபாய் கட்டணத்தை மிச்சம் பிடித்து, திரும்ப வாங்க முடியாத ஒன்றை இழந்தோம்.

வாசகர்களே, ஹிஜ்ரத்தின் வரலாற்றை நாமெல்லோரும் அறிவோம். அதை ஒரு பிரயாணத் திட்டமாக எண்ணிப் பார்த்திருக்கிறோமா? மதீனா மக்காவுக்கு வடக்கே இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் முதலில் சென்றதோ தெற்கே, தௌர் குகைக்கு. அங்கே மூன்று இரவுகள் தங்கினார்கள். ஒட்டகங்கள் எந்த நாளில், எந்த இடத்துக்கு வர வேண்டும் என்பது முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டிருந்தது. வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்தப்பட்ட அப்துல்லாஹ் பின் உரைகித் அப்போது முஸ்லிமாகக்கூட இருக்கவில்லை. பாதை தெரிந்தவர், நம்பிக்கையானவர். அது போதுமாக இருந்தது. அவர் வழமையான பாதையை விட்டுக் கடலோரப் பக்கமாகச் சுற்றி அழைத்துச் சென்றார். அல்லாஹ்வின் தூதரே வழியைத் திட்டமிட்டார்கள் என்றால் நமக்கு அது எவ்வளவு அவசியம்! ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி அன்னார் ஒருவருக்குச் சொன்னதும் இதே பாடம்தான்.

நமது நாட்டில் இன்று கொழும்புக்குள் அலுவல் இல்லாதவர் கொழும்புக்குள் நுழையவே தேவையில்லை. அதற்கான வழிகளைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

கண்டிப் பக்கமிருந்து களுத்துறை, பேருவளை, காலி, மாத்தறை செல்வோர் கடவத்தையில் வெளிவட்ட அதிவேகப் பாதையில் ஏற வேண்டும். கடுவலை வழியாகக் கொட்டாவையை அடைந்தால் அதுவே தெற்கு அதிவேகப் பாதையோடு இணைந்துவிடும். கடவத்தைக்கும் கடுவலைக்கும் இடைப்பட்ட பகுதி 2015இலேயே திறக்கப்பட்டுவிட்டது. களுத்துறைக்குத் தொடங்கொடையிலும், அளுத்கமை, தர்கா நகர் பக்கத்துக்கு வெலிப்பன்னையிலும் இறங்கலாம்.

புத்தளம், நீர்கொழும்பு வழியாக வருவோர் கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் வந்து, கெரவலப்பிட்டியில் வெளிவட்டப் பாதைக்கு மாறலாம். 2019 நவம்பரில் இந்த இணைப்பும் திறக்கப்பட்டதால் பேலியகொடை வரை போய் நெரிசலில் நிற்க வேண்டியதில்லை.

மன்னார், அநுராதபுரம், திருகோணமலைப் பக்கமிருந்து குருநாகல் வழியாக வருவோருக்கு, 2022இல் திறக்கப்பட்ட குருநாகல் – மீரிகம அதிவேகப் பாதை உதவும். மீரிகமவில் இறங்கிப் பஸ்யாலைக்கு வந்தால் கண்டி வீதி; அங்கிருந்து கடவத்தை.

அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கத்தவர்கள் தெற்கே போவதென்றால் மொனராகலை, வெல்லவாய, தனமல்வில வழியாக ஹம்பாந்தோட்டைக்கு வந்து, 2020 முதல் அதுவரை நீண்டிருக்கும் தெற்கு அதிவேகப் பாதையில் ஏறிவிடலாம். மலையும் இல்லை, கொழும்பும் இல்லை. ஆனால் இரவில் அந்தக் காட்டு வீதியில் யானைகள் நிற்கும். பகல் வெளிச்சத்தில் கடந்துவிடுங்கள்.

கொழும்புக்குள் போகவே வேண்டியவர்கள் நேரத்தைப் பாருங்கள். வேலை நாட்களில் காலை ஏழு முதல் ஒன்பது, பாடசாலை விடும் ஒன்றரை, இரண்டு மணி, பின்னேரம் ஐந்து முதல் ஏழு ஆகிய நேரங்களைத் தவிர்த்தாலே பாதிச் சிரமம் தீரும்.

அதிவேகப் பாதையில் முச்சக்கர வண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அனுமதி இல்லை. வேகம் 100 கிலோமீற்றரைத் தாண்டக் கூடாது. எரிபொருளையும் டயர்களையும் ஏறுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. வயோதிபர்களையும் பிள்ளைகளையும் ஏறுமுன் ஓரிடத்தில் இறக்கி, தேவைகளை முடித்து வுழூவும் செய்துகொள்ளச் சொல்லுங்கள். தெற்குப் பாதையில் வெலிப்பன்னையில் இளைப்பாறும் இடம் உண்டு.

வழியோடு தொழுகையையும் சேர்த்தே திட்டமிடுங்கள். ஏறத்தாழ 80 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஆகுமான பிரயாணத்தில் ஊர் எல்லையைக் கடந்த பின் ளுஹர், அஸர், இஷா ஆகியவற்றை இரண்டாகச் சுருக்கலாம். ளுஹரை அஸரோடும் மஃரிபை இஷாவோடும் சேர்க்கலாம். பிற்படுத்திச் சேர்ப்பதாயின் முந்திய தொழுகையின் நேரம் முடியுமுன் அதற்கு நிய்யத்து வைத்துவிட வேண்டும் என்பது நமது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். இதை மறந்து நெரிசலில் அகப்பட்டுத் தொழுகையைக் களாவாக்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஸுபஹை எதனோடும் சேர்க்க முடியாது. அதற்கு எந்த ஊர்ப் பள்ளியில் இறங்குவது என்பதை முதல் நாளே தீர்மானியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பாதைக்குரிய கடமைகளை நபியவர்கள் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். அலுவலில்லாத வாகனம் ஒன்று நகரத்துக்குள் நுழையாமல் விலகிப் போனால், நோயாளியை ஏற்றிச் செல்லும் அம்புலன்ஸுக்கு அவ்வளவு இடம் கிடைக்கும். பாதையிலிருந்து இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை. சில வேளை அந்த இடையூறு நமது வேன்தான்.

ஆகவே அடுத்த முறை புறப்படுமுன் இரவுச் சாப்பாட்டின் பின் பத்து நிமிடம் குடும்பமாக உட்காருங்கள். சாரதியையும் அழையுங்கள். அவருக்குத் தெரிந்த வழியைக் கேளுங்கள். அன்றிரவு அவர் தூங்கி எழட்டும். அதிவேகப் பாதைக்கான கட்டணத்தைப் பிரயாணச் செலவிலேயே ஒதுக்கிவிடுங்கள். சந்தியில் வைத்துக் கணக்குப் பார்த்தால் என்னைப் போல் தவறாகவே பார்ப்பீர்கள்.

கடந்த ஆண்டு உம்மாவைப் பேருவளைக்கு அழைத்துச் சென்றேன். கடவத்தையை அண்மித்ததும், நான் வாய் திறக்குமுன் உம்மாவே சாரதியிடம் சொன்னார்: “தம்பி, சுத்திப் போங்க.”

வல்லவன் அல்லாஹ் நம் பிரயாணங்களை இலேசாக்கி, சேர வேண்டிய இடத்துக்குச் சேர வேண்டிய நேரத்தில் நம்மைச் சேர்த்து வைப்பானாக. ஆமீன்.