கையெழுத்தா கார் ஓட்டுது?

ஆத்தங்குடியில் எழுபத்தைந்து வயசுப் பெரியவர் ஒருத்தர் என்று வையுங்கள். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில். அவருக்கு முழங்கால் சரியாக மடங்காது, கழுத்து திரும்பாது. கார் லைசென்ஸைப் புதுப்பிக்க என்ன வேண்டும்? படிவம் 1-ஏ-யில் டாக்டர் கையெழுத்து. ஓட்டிக் காட்ட வேண்டாம்!

2019 சட்டத் திருத்தப்படி, லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருஷம் தாண்டினால்தான் மறுபடி டெஸ்ட். அதாவது, தேதியை மறந்தவருக்குப் பரீட்சை. பிரேக்கை அழுத்த முடியாதவருக்கு பாஸ் மார்க்!

உடனே 'கிழவர்களை ரோட்டை விட்டு விரட்டு' என்று கிளம்பாதீர்கள். பஸ் படி ஏற முடியாதவரிடம் காரையும் பிடுங்கினால், அது வீட்டுச் சிறை.

ஜப்பானில் 2022 முதல், சில விதிமீறல்களில் சிக்கிய, 75 வயசும் அதற்கு மேலும் ஆனவர்கள் லைசென்ஸைப் புதுப்பிக்க ஓட்டிக் காட்டியாக வேண்டும். நாம் 70 தாண்டிய எல்லோரையுமே சோதிப்போம். 'எட்டு', 'ஹெச்' வித்தையெல்லாம் வேண்டாம். அவர் காரில், அவர் தினமும் போகும் ரோட்டில், அரை மணி நேரம். கால் ஒத்துழைக்கவில்லையா? கையால் பிரேக் போடும்படி மாற்றியமைத்த வண்டிக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது, அதைச் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால் மட்டும் சாவியை வாங்குங்கள்.

பேஷன்ட்டை நிமிர்ந்தே பார்க்காமல் கையெழுத்துப் போடும் டாக்டர்களே... குறுக்கே சைக்கிளில் ஒரு பிள்ளை வந்தால், உங்கள் கையெழுத்து பிரேக் போடாது!