பளபளப்பைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள்

வாகனத்துக்கு அடித்த பெயின்டை நாம் எப்போது பார்க்கிறோம்? பின்னேரம் ஐந்து மணிக்கு, கராஜ் வாசலில், பொலிஷ் போட்டுத் துடைத்த கையோடு பார்க்கிறோம். ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "நல்லா இருக்கு பாஸ்" என்று சொல்லிக் காசை எண்ணிக் கொடுக்கிறோம். இதைவிடப் பிழையான நேரமும் பிழையான முறையும் கிடையாது என்பது என் கருத்து. இந்தக் கருத்துக்கு நான் கொடுத்த விலை 45,000 ரூபா. அதைவிடப் பெரிய விலை, ஒரு நல்ல மனிதரின் முன்னால் நான் தலைகுனிந்து நின்றது.

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். மாவனல்லையில் எனக்கு ஒரு பாத்திரக் கடை இருக்கிறது. சரக்கு ஏற்ற வெள்ளி நிற டவுன் ஏஸ் வேன் ஒன்று வைத்திருந்தேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடியும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களுக்கு என்ன விலை இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நேரம், 2023 ஒக்டோபரில், என் வேனை விற்க நினைத்தேன். கேகாலைப் பக்கத்துப் பேக்கரிக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை சரக்கு இறக்கும்போது வேனின் இடது பக்கத்தில் உள்ளங்கை அளவு ஒடுக்கு விழுந்துவிட்டது.

இரண்டு கராஜில் கேட்டேன். முதலாமவர், "மூன்று நாள் வேணும் நானா, மழையும் பெய்யுது" என்றார். இரண்டாமவர், "நாளைக்குப் பின்னேரம் எடுக்கலாம்" என்றார். கூலியும் பாதி. நான் யாரிடம் போயிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை. சனிக்கிழமை பின்னேரம் வேன் கண்ணாடிபோல் மின்னியது. ஞாயிறு பேக்கரிக்காரர் வந்தார், பார்த்தார், பிடித்துக்கொண்டது. ஒடுக்கு இருந்ததா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜனவரியில் அவர் அந்த வேனைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்தார். அடித்த இடத்தில் அம்மைக் கொப்புளம்போல் பெயின்ட் எழும்பி நின்றது. சுற்றியிருந்த நிறத்துக்கும் அந்த இடத்து நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை. அவர் சத்தம் போடவில்லை. "நானா, நீங்க சொல்லியிருந்தா நான் பத்தாயிரம் குறைச்சுக் கேட்டிருப்பேன், அவ்வளவுதான்" என்றார். நான் முதலாவது பாஸிடமே வேனைக் கொண்டுபோய், என் செலவில் அந்தப் பக்கம் முழுவதையும் சுரண்டி அடித்துக் கொடுத்தேன்.

அந்த பாஸ் காரணத்தைக் காட்டினார். ஒடுக்கை நிரப்பும் பில்லர் பேஸ்ட் காய்ந்த பிறகும் பஞ்சுபோல் தண்ணீரை உறிஞ்சும். அதைத் தண்ணீர் தொட்டு வோட்டர் பேப்பரால் தேய்த்துவிட்டு, ஈரம் போகுமுன் மேலே பெயின்டை அடித்து மூடினால், உள்ளே அகப்பட்ட ஈரம் வெயில் சூட்டில் வெளியே வரப் பார்க்கும். அப்போதுதான் கொப்புளம் எழும்பும், அடியில் தகரம் துருப்பிடிக்கும். பில்லரைக் காய்ந்த பேப்பரால் தேய்த்து, மேலே பிரைமர் கொடுத்து, அதைக் காய விட்டிருந்தால் இது நடந்திருக்காது. அந்தக் காய்ச்சலுக்குத் தேவையான நேரத்தைத்தான் நான் காசு மிச்சம் என்று நினைத்து வெட்டினேன்.

அன்றிலிருந்து எந்த வாகனத்தைப் பார்த்தாலும் நான் செய்யும் சில சோதனைகள் உண்டு. இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை.

முதலாவது, வெளிச்சம். டியூப் லைட்டின் கீழ் ஒத்துப்போகும் இரண்டு நிறங்கள் பகல் வெளிச்சத்தில் வேறுபட்டுத் தெரியலாம். ஆகவே காலையில், திறந்த வெளியில் நிறுத்திப் பாருங்கள். நேராகவும் பாருங்கள், சரிவாகவும் பாருங்கள். வெள்ளி நிறத்திலும் முத்து வெள்ளையிலும் இது மிக முக்கியம். வெள்ளிப் பெயின்டில் இருக்கும் நுண்ணிய உலோகத் துகள்கள் எப்படிப் படிந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து, நேராகப் பார்க்கும்போது ஒத்திருக்கும் நிறம் பக்கத்திலிருந்து கறுத்துத் தெரியும். முத்து வெள்ளைக்கு அடி நிறம், முத்துப் பூச்சு, கிளியர் என மூன்று படிகள் உண்டு. டொயோட்டாவில் 040 என்பது சாதாரண வெள்ளை, 070 முத்து வெள்ளை. இரண்டையும் "வெள்ளைதானே" என்று நினைத்து ஒரே கூலி பேசுபவர் ஏமாறப் போகிறார். இலக்கம் சரியாக இருந்தாலும் போதாது. வெயிலில் வெளிறிய பழைய நிறத்துக்கு ஏற்றபடி கலவையைத் திருத்த வேண்டும்.

இரண்டாவது, பிம்பம். பெயின்டில் தெரியும் மின்கம்பியின் அல்லது கட்டட ஓரத்தின் நிழலைப் பாருங்கள். கோடு நேராக ஓடினால் அடியில் வேலை சுத்தம். நெளிந்தால் பில்லர் சரியாகத் தேய்க்கப்படவில்லை. மேற்பரப்பு தோடம்பழத் தோல்போல் புள்ளி புள்ளியாக இருந்தால், அதே வாகனத்தின் மற்றப் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். கம்பனிப் பெயின்டிலும் ஓரளவு அந்தத் தோல் இருக்கும். இரண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

மூன்றாவது, ஓரம். கதவைத் திறந்து உள் விளிம்பையும், ரப்பர் பட்டியையும், கண்ணாடி ஓரத்தையும் பாருங்கள். ரப்பரில் நிறம் படிந்திருந்தால் மூடி மறைக்காமல் அவசரமாக அடித்திருக்கிறார்கள். ஒரு மெல்லிய பொலித்தீன் பையைக் கைக்கு மாட்டிக்கொண்டு பக்கத்துப் பெனல்களைத் தடவுங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரியும். கிளியர் பூச்சைப் பெனலின் நடுவிலேயே நிறுத்தியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அப்படி நடுவில் கரைத்து விட்ட ஓரம் பிற்காலத்தில் கோடாகத் தெரியும், உரியவும் தொடங்கும். நிறத்தைச் சிறு இடத்துக்கு மட்டும் அடிக்கலாம். கிளியரைப் பெனலின் எல்லை வரை கொண்டுபோக வேண்டும்.

நான்காவது, தடிப்பு. கம்பனிப் பெயின்ட் முழுப் பூச்சும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன் வரையில்தான் இருக்கும். அதாவது இரண்டு தலைமுடி அளவு. மேலே ஒரு தடவை அடித்திருந்தால் அது 200, 300 என்று போகும். பில்லர் இருந்தால் 500ஐயும் தாண்டும், ஆயிரத்தையும் தாண்டும். இதை அளக்கக் கைக்கருவி இருக்கிறது. கருவி இல்லாவிட்டால் ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். பில்லர் தடிப்பாக உள்ள இடத்தில் காந்தம் ஒட்டாது, அல்லது வழுக்கும். பிளாஸ்டிக் பம்பரிலும் அலுமினியத்திலும் இந்தச் சோதனை செல்லாது.

ஐந்தாவதுதான் பெரியது: காலம். கையால் தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக பெயின்ட் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே இருக்கும் தின்னர் முழுதாகப் போகப் பல நாட்கள், சிலவேளை வாரங்கள் எடுக்கும். அது போகப் போகப் பூச்சு சுருங்கும். முதல் நாள் தெரியாத பேப்பர் கீறல்களும் பில்லரின் விளிம்பும் அப்போதுதான் மேலே வரும். சூடேற்றும் பூத் உள்ள இடத்தில், ஹார்ட்னர் கலந்த கிளியரை 60 பாகை சூட்டில் அரை மணித்தியாலம் அளவில் காய வைக்கிறார்கள். அந்த வசதி உள்ள இடம் ஒரே நாளில் தருவதாகச் சொன்னால் நம்பலாம். மழைக்காலத்தில் தகரக் கூரையின் கீழ் அடிப்பவர் ஒரே நாளில் தருவதாகச் சொன்னால் யோசிக்க வேண்டும்.

அவசர வேலை எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. கீறலின் மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீறல் மறைந்தால், நகத்தால் இழுக்கும்போது நகம் தடுக்காவிட்டால், அது கிளியரோடு நிற்கிறது. கட் அன்ட் பொலிஷ் போதும், பெயின்டே தேவையில்லை. பிளாஸ்டிக் பம்பரின் மூலையில் உரசல் என்றால், துருப் பயம் இல்லாததால், நல்ல பாஸ் ஒருவர் ஒரு நாளில் திருப்தியாக முடித்துத் தருவார். தகரம் வெளியே தெரிந்தாலோ பில்லர் தேவைப்பட்டாலோ அவசரம் காட்டாதீர்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

இங்கே நான் பாஸ்மாரை மட்டும் குறை சொல்லப் போவதில்லை. "இன்றைக்கே வேணும், விலையையும் குறையுங்க" என்று நிற்பது யார்? நாம்தான். நேரத்திலும் காசிலும் வெட்டிய பிறகு அவர் எதை மிச்சம் பிடிப்பார்? நமக்குத் தெரியாத அடிப் படியைத்தான். ஆகவே பேரம் பேசும்போது விலையைக் கேட்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஹார்ட்னர் கலக்கும் கிளியரா? பில்லருக்கு மேல் பிரைமர் உண்டா? எத்தனை நாள் காய விடுவீர்கள்? முடிந்தால் ஒவ்வொரு படியிலும் கைபேசியில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கூலியில் பத்தில் இரண்டு பங்கை ஒரு மாதம் கழித்துத் தருவதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். தன் வேலையில் நம்பிக்கை உள்ளவர் இதற்கு மறுக்கமாட்டார். அந்த ஒரு மாதமும் நீங்கள் மெழுகு போடாமல் இருக்க வேண்டும், முதல் ஒரு வாரம் சேர்விஸ் ஸ்டேஷனில் அழுத்தத் தண்ணீர் அடிக்காமல் இருக்க வேண்டும். அது நம் பக்கத்துக் கடமை.

கடைசியாக, விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வாகனத்தில் எங்கே வேலை செய்தோம் என்பதை வாங்குபவர் கேட்கும் முன் சொல்லிவிடுங்கள், பில்லையும் காட்டுங்கள். விலையில் கொஞ்சம் குறையும், அது உண்மை. நான் சொல்லியிருந்தால் எனக்குக் குறைந்திருப்பது பத்தாயிரம். சொல்லாததால் போனது 45,000. பேக்கரிக்காரர் இப்போதும் என் கடையில்தான் தட்டுகளும் சட்டிகளும் வாங்குகிறார். ஆனால் ஒவ்வொரு தடவையும் சட்டியைத் திருப்பி, அடியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.