பின்னாடி சத்தமா? கிரவுன்-பினியனைத் தொடாதீங்க!

பழைய கார் வச்சிருக்கிற யார்கிட்டயாவது போய், "பின்னாடி ஊய்ங்ங்னு ஒரு சத்தம் வருது"ன்னு சொல்லிப் பாருங்க. மூணு செகண்டுல தீர்ப்பு வந்துடும். "டிஃபரன்ஷியல் போச்சு, கிரவுன்-பினியன் மாத்தணும்." ஓட்டிப் பார்க்கிறது, கேட்டுப் பார்க்கிறது எல்லாம் அப்புறம். பல சமயம் அப்புறமும் கிடையாது.

இந்த மூணு செகண்டு தீர்ப்பு மேல எனக்கு செம கடுப்பு. அதைக் கொட்டத்தான் இந்தப் பதிவு.

எங்க பெரியப்பாகிட்ட 1989 மாடல் அம்பாசிடர் மார்க் 4 ஒண்ணு இருக்கு. அதுல ஆறு மாசமா ஒரு சத்தம். நாற்பதைத் தாண்டினா ஆரம்பிக்கும், அறுபதுல உச்சத்துக்குப் போகும். பின்சீட்டுல உட்கார்ந்தா தலைக்குள்ள வண்டு புகுந்த மாதிரி இருக்கும். மூணு ஒர்க்‌ஷாப்புல காட்டினார். மூணு பேரும் சொல்லி வச்ச மாதிரி அதே தீர்ப்பு. மூணாவது ஆள் ஒரு படி மேல போய், "புதுப்பேட்டைல நல்ல செட் ஒண்ணு இருக்கு சார், அட்வான்ஸ் குடுங்க, நாளைக்கே பிரிச்சுடலாம்"னுட்டார். பெரியப்பாவும் பர்ஸை எடுத்துட்டார். நான்தான் ஒரு ஞாயித்துக்கிழமை தவணை வாங்கினேன்.

புது கார்னா நானும் இவ்வளவு அலட்டிக்க மாட்டேன். தப்பா மாத்தினா காசு போகும், அவ்ளோதான். பழைய கார்ல கதை வேற. கிரவுன் வீலும் பினியனும் ஜோடியாவே தயாராகிற சாமான். ஃபேக்டரியில ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு சேர்த்து உரசி, பல்லுக்குப் பல் பதிய வச்சு, ஒரே நம்பர் பொறிச்சு அனுப்புவாங்க. அதுக்கப்புறம் முப்பது வருஷம் ஒண்ணா ஓடி ஓடி இன்னும் பழகியிருக்கும். அந்த ஜோடியைப் பிரிச்சுட்டா பிரிச்சதுதான். உத்தரபாராவுல அம்பாசிடர் தயாரிப்பு நின்னது 2014ல. இப்ப கடையில கிடைக்கிறது பழைய ஸ்டாக்கா இருக்கலாம், உடைச்ச வண்டியில கழட்டினதா இருக்கலாம், யாரோ அச்சடிச்ச நகலா இருக்கலாம். அதை மாட்டி, ஷிம் வச்சு, டயல் கேஜ்ல பேக்லாஷ் பார்த்து, பல்லுல சாயம் தடவி எங்க பதியுதுன்னு பார்த்து செட் பண்ணணும். இதெல்லாம் பொறுமையா செய்யற ஆளுங்க இருக்காங்க, இல்லேங்கல. ஆனா மூணு செகண்டுல தீர்ப்பு சொல்றவர் அந்த லிஸ்ட்ல இருப்பாரா? அமைதியா இருந்த டிஃபரன்ஷியலைப் பிரிச்சு, ஊளையிடற டிஃபரன்ஷியலா திருப்பிக் கொடுத்த கதை ஊருக்கு ஊர் உண்டு.

நம்ம பொழப்புல ஒரு பக் வந்தா முதல்ல என்ன செய்வோம்? கோடுல கை வைக்கறதுக்கு முன்னாடி, அது எப்ப வருது, எப்ப வரலைன்னு பார்ப்போம். இங்கயும் அதேதான். சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு காதால தேடாதீங்க. மூடின இரும்பு டப்பாக்குள்ள உட்கார்ந்திருக்கோம், முன்னாடி வர்றது பின்னாடி கேக்கும், வலது இடதா கேக்கும். எப்ப மாறுதுன்னு பாருங்க.

அந்த ஞாயித்துக்கிழமை விடியற்காலைல ஜி.எஸ்.டி. ரோடுல வண்டியை எடுத்தோம். பெரியப்பா ஸ்டீயரிங், நான் பின்சீட்ல நோட்டும் பேனாவுமா. அறுபதுல போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தச் சொன்னேன். அப்புறம் காலை எடுக்கச் சொன்னேன். அப்புறம் இழுக்காம தள்ளாம அப்படியே பிடிக்கச் சொன்னேன். கிரவுன்-பினியன் குற்றவாளின்னா இந்த மூணுக்கும் மூணு குரல் வரணும். மிதிக்கும்போது பல்லோட ஒரு முகம் சுமை தாங்குது, காலை எடுத்தா மறு முகம். ரெண்டு முகமும் ஒரே மாதிரி கெட்டுப் போறது அபூர்வம். எங்க வண்டில மூணு தடவையும் அதே ஊம்ம்ம். நியூட்ரல்ல போட்டு உருள விட்டாலும் அதே ஊம்ம்ம். இஞ்சின், கியர்பாக்ஸ் மேல இருந்த சந்தேகமும் அதோட போச்சு.

அடுத்து டயர். புதுசா போட்ட வழவழ ரோட்டுலயும் ஓட்டினோம், பல்லிளிக்கிற சர்வீஸ் ரோட்டுலயும் ஓட்டினோம். டயர் சத்தம்னா ரோடு மாறும்போது தானும் மாறும். டயர்ல காத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் மாறும். எதுக்கும் அசரல.

பெரியப்பாவுக்கு போரடிக்க ஆரம்பிச்சது. "காபி குடிச்சுட்டு கிளம்பலாம்டா"ன்னார். கடைசியா ஒண்ணு பெரியப்பான்னு சொல்லி, ஆளே இல்லாத இடமா பார்த்து லேசா இடம் வலமா வளைக்கச் சொன்னேன். இடது பக்கம் திருப்பும்போது சத்தம் ஏறிச்சு. வலது பக்கம் திருப்பினா இறங்கிச்சு. இடது பக்கம் திரும்பினா வண்டியோட பாரம் வலது சக்கரத்துல ஏறும். அப்புறம் என்ன சந்தேகம்? வலது பின் வீல் பேரிங். மறுநாள் டிரம்மைக் கழட்டி பேரிங்கை வெளிய எடுத்தா, உள்ள பாதை முழுக்க அம்மைத் தழும்பு. அந்த பேரிங்கோட விலையைச் சொன்னா, அட்வான்ஸ் கேட்ட அண்ணன் சிரிப்பார் :)

கணக்குப் பிரியர்களுக்காக ஒரு சின்ன விஷயம். அம்பாசிடரோட 15 இன்ச் சக்கரம் ஒரு சுத்து சுத்தினா சுமார் 2 மீட்டர். 60 கி.மீ. வேகத்துல செகண்டுக்கு எட்டு சுத்து. புரொப்பல்லர் ஷாஃப்ட் அதைவிட நாலரை மடங்கு வேகம்னு வச்சுக்கோங்க, செகண்டுக்கு 36க்கு மேல. பினியன்ல ஒன்பது பல் இருந்தா, பல் மோதறது செகண்டுக்கு 330 தடவை கிட்ட. கிட்டத்தட்ட மூணு கட்டை சுருதி! அதனாலதான் கிரவுன்-பினியன் கெட்டா பாடுது, பேரிங் கெட்டா உறுமுது. செகண்டுக்கு எட்டு தடவை "தக் தக்"னா சக்கரத்தோட சுத்தற எதையாவது சந்தேகப்படுங்க. கிளட்சை விடும்போது மட்டும் "டொக்"னா முதல்ல யூ.ஜே. கிராஸைப் பாருங்க. திரும்பும்போது மட்டும் சத்தம்னாதான் டிஃபரன்ஷியல் உள்ள இருக்கிற குட்டிப் பல்சக்கரங்களுக்கு வேலை, நேரா போகும்போது அதுங்க ஒண்ணுக்கொண்ணு சுத்தறதே இல்லை. மொபைல்ல அதிர்வெண் காட்டற ஆப் இலவசமாவே கிடைக்குது, சும்மா ஓட்டிப் பாருங்க.

இதை வச்சு மெக்கானிக்குங்களை மட்டம் தட்டறேன்னு யாரும் கிளம்பிடாதீங்க. நீளமான ஸ்க்ரூ டிரைவரை ஆக்ஸில் மேல வச்சு, மறுமுனையை காதுல வச்சு, எந்த பேரிங்னு சொல்ற பெரியவங்களை நான் பார்த்திருக்கேன். அந்தக் காது நமக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. பிரச்னை காதுல இல்லீங்க, கூலில. ஒரு மணி நேரம் வண்டியை ஓட்டி, "சார், இது வெறும் பேரிங்"னு சொன்னா அவருக்கு நாம என்ன கொடுக்கிறோம்? ஒரு டீ. டிஃபரன்ஷியலை இறக்கினா ரெண்டு நாள் கூலி, சாமான்ல கமிஷன். நான் ஆபீஸ்ல ஒரு பக்கை மூணு நாள் முறைச்சுப் பார்த்துட்டு ஒரே ஒரு வரி மாத்தினாலும் மூணு நாள் சம்பளம் வருது. "ஒரு வரிக்கு எதுக்குய்யா மூணு நாள்"னு எந்த க்ளையண்டும் கேட்கிறதில்லை (சரி, சிலர் கேட்பாங்க). ஒர்க்‌ஷாப்ல மட்டும், கண்டுபிடிக்கிற வேலைக்குன்னு பில்லுல ஒரு வரி போட்டா சண்டைக்குப் போறோம். அப்புறம் எல்லாரும் மாத்தச் சொல்றாங்கன்னு புலம்பறோம்.

அதனால அடுத்த தடவை ஒர்க்‌ஷாப் போகும்போது நான் முதல்லயே சொல்லிடப் போறேன்: "அண்ணே, பிரிக்காதீங்க. ஒரு மணி நேரம் என்கூட ஓட்டிப் பாருங்க, அதுக்குத் தனியா காசு." பெரியப்பாவுக்கு இந்த ஐடியா சுத்தமா பிடிக்கல. "கேக்கறதுக்கெல்லாமாடா காசு?"ங்கறார். உங்க ஊர்ல இப்படிக் கூலி வாங்கற மெக்கானிக் யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கில தூக்கி, கியர் போட்டு ஓட விட்டு சத்தம் கேக்காதீங்க. தரையில இருக்கிற சக்கரம் நிக்கும், தூக்கின சக்கரம் ரெட்டை வேகத்துல சுத்தும், வண்டி ஜாக்கிலேர்ந்து குதிச்சு ஓடவும் வாய்ப்பிருக்கு. தூக்கினா ரெண்டு பின்சக்கரத்தையும் தூக்கி, உறுதியான ஸ்டாண்டு வச்சு, முன்சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை போட்டுட்டுக் கேளுங்க.